போன காசும் போகப்போகிற காசும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார் என்றால் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் முதலில் காலியாவது பரண்தான். இந்த வருஷம் நான் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மைனி கீழே வாங்கி வைத்தார்கள். நாலாவதாக வந்தது ஒரு சப்பாத்தி மேக்கர். ஆனித் திருவிழா சமயம் டவுனில் போட்டிருந்த பொருட்காட்சியில் 2,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது. அங்கே மேஜைக்குப் பின்னால் நின்றவர் மாவு உருண்டையை வைத்து மூடியை அமுக்கினார், பூரி மாதிரி புஸ்ஸென்று எழுந்தது. அதே மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கல்லிடைக்குறிச்சி அப்பளம் போலத்தான் சுட்டுத் தந்தது. அப்பளத்தையாவது எண்ணெயில் போட்டால் பொரியும்.

"இதைப் பழைய இரும்புக்குப் போட்டிரலாமா மைனி?"

"நல்லாருக்கு தம்பி. 2,800 ரூபாய் சாமானத் தூக்கிக் கிலோக் கணக்குக்கா போடுவாங்க?"

வெள்ளையடித்து முடிந்ததும் மேக்கர் மறுபடியும் பரணுக்கே போய்விட்டது.

மைனி சொன்ன அந்த 2,800-க்குப் பொருளியலில் ஒரு பெயர் உண்டு: மூழ்கிய செலவு. 'சங்க் காஸ்ட்' என்று யூடியூபில் பேசிப் பேசி, இப்போது அது டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. பலர் அதை வெட்டிச் செலவுக்கு வைத்த ஸ்டைலான பெயர் என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர், பாதியில் நிற்கிற எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. உண்மையில் அது என்ன என்று பார்க்க, பரணைவிடக் கொஞ்சம் ஆழமான இடத்துக்குப் போகவேண்டும்.

400 அடியில் நின்ற போர்வெல் வண்டி

நாங்குநேரிப் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. கிணறு வற்றிப்போன ஒரு கோடையில் போர்வெல் போட்டார். 300 அடியில் தண்ணீர் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. இரும்புக் குழாயோடு சேர்த்து 37,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தார். 300 அடி தாண்டியது, தூசிதான் பறந்தது. 400 அடியிலும் அதே வெள்ளைப் பொடி. அதுவரை 47,000 ஆகிவிட்டது. போர்வெல்லில் ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும். அடுத்த 100 அடிக்கு 11,000 என்றார்கள்.

வண்டிக்காரர் இன்ஜினைக் குறைத்துவிட்டு வந்து கேட்டார்: "அண்ணாச்சி, நிப்பாட்டுவமா, போடுவமா?"

சித்தப்பா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்தாச்சுல்லா. இப்ப நிப்பாட்டுனா போட்ட காசெல்லாம் வீணால்லா போயிரும். போடு."

700 அடியில் நிறுத்தும்போது மொத்தம் 85,000. தண்ணீர் இல்லை.

சித்தப்பாவின் அந்தப் பேச்சை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். 400 அடியில் நிற்கும்போது 47,000 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. நிறுத்தினாலும் அது வராது, தொடர்ந்தாலும் வராது. இரண்டு வழியிலும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு தொகை, எந்த வழியில் போகலாம் என்று எப்படிச் சொல்லும்? அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அடுத்த 100 அடியில் தண்ணீர் வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, அந்த வாய்ப்புக்கு 11,000 கொடுக்கலாமா?

என்ன முடிவெடுத்தாலும் திரும்பி வராத, ஏற்கெனவே போய்விட்ட பணம். மூழ்கிய செலவு என்றால் அவ்வளவுதான். அதை முடிவுக்குள் இழுத்து வந்து 'போட்ட காசு வீணாகிவிடுமே' என்று மேலும் காசு போடுவதைத்தான் மூழ்கிய செலவுப் பிழை என்கிறார்கள். செலவு வேறு, பிழை வேறு. எல்லோருக்கும் மூழ்கிய செலவு உண்டு, அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும், பெரும்பாலும் யாரும் இதைச் சொல்வதில்லை. 400 அடி வரை போட்ட காசுக்குத்தான் பேச்சு கிடையாது. 400 அடியிலிருந்து வந்த பொடிக்கு உண்டு. என்ன நிறம், என்ன பாறை, ஈரம் தட்டுகிறதா என்பதெல்லாம் அடுத்த 100 அடியைப் பற்றி ஏதோ சொல்கிறது. போன காசை மறக்கலாம், அது கொண்டுவந்த தகவலை மறக்கக் கூடாது. சித்தப்பா தலைகீழாகச் செய்தார். காசை நினைத்துக்கொண்டு பொடியைப் பார்க்காமல் விட்டார்.

நகைக்கடையில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு

கொடுத்த பணம் முழுதும் மூழ்கியே தீரும் என்றில்லை. நகை வாங்கிப் பழகிய எந்த அம்மாவுக்கும் இது தெரியும். ஒரு சங்கிலியில் உள்ள தங்கத்தின் மதிப்பு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம் என்றால் 6,000. மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 1,680. பில் 57,680. மறுநாளே விற்கப் போனால் தங்கத்துக்குத்தான் விலை. கடைக்காரர் ஒரு பைசா பிடிக்காவிட்டாலும் 50,000-தான் கைக்கு வரும். மீதி 7,680 மூழ்கியது. 'சேதாரம்' என்ற சொல்லை வைத்தவர் யாரோ, பொருளியல் படிக்காமலே விஷயத்தைப் பிடித்திருக்கிறார்.

இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு சாமானிலும் ஒரு சேதாரம் இருக்கிறது. தங்கத்தில் கொஞ்சம். பைக்கில் அதைவிட அதிகம். தைத்துவிட்ட சட்டையில் கிட்டத்தட்ட முழுதும். பெட்டி பிரித்த சப்பாத்தி மேக்கரில் 2,800-இல் ஏறக்குறைய 2,700. வாங்குவதற்கு முன்னாடியே "இதில் சேதாரம் எவ்வளவு?" என்று கேட்கிற பழக்கம் எனக்கு இந்தக் கணக்குக்கு அப்புறம்தான் வந்தது.

பாதியில் நிற்பதை விட்டுவிட வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஒருவர் வீடு கட்டுகிறார். 18 லட்சம் செலவாகி காங்கிரீட் வரை முடிந்தாயிற்று, பூச்சுக்கும் தரைக்கும் இன்னும் 4 லட்சம் வேண்டும். அந்த 18 மூழ்கியது, அதை மறக்கட்டும். 4 லட்சத்துக்குக் குடியிருக்க ஒரு முழு வீடு கிடைக்கிறதென்றால் யார் விடுவார்கள்? முடிப்பதுதான் சரி. போனதை மறந்து பார்த்தால் சில சமயம் "நிறுத்து" என்று விடை வரும், சில சமயம் "முடி" என்று வரும்.

மனசு ஏன் விடமாட்டேன் என்கிறது?

அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் ஹால் ஆர்க்ஸ், கேதரின் புளூமர் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று 1985-இல் வெளியானது. நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை 15 டாலருக்கும், சிலருக்கு 13 டாலருக்கும், சிலருக்கு 8 டாலருக்கும் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் மாதிரி. சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான். கொடுத்த காசு கூடுதலாக இருந்தது, அதனால் வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துபோனது.

அந்த இரண்டாவது பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சப்பாத்தி மேக்கரின் வரலாறு அதேதான். முதல் மூன்று வாரம் விடாமல் போட்டுப் பார்த்தேன். மாவு சரியில்லை என்று வேறு மாவு வாங்கினேன். சூடு ஏறவில்லை என்று 450 ரூபாய் கொடுத்து ரிப்பேர் பார்த்தேன். அந்த 450 தான் உண்மையான பிழை. 2,800-ஐ ஏமாந்தேன் என்று விட்டுவிடலாம். 450-ஐ நானே தெரிந்து கொடுத்தேன். ஆச்சி மட்டும் இரண்டாம் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அந்தச் சவத்த அங்கிட்டு வச்சிட்டு தோசக்கல்ல எடுல." நாள் ஆக ஆகக் கொடுத்த காசின் வலி தேய்ந்தது. வலி தேய்ந்ததும் மிஷின் பரணுக்கு ஏறியது. இப்போது அதைப் பயன்படுத்தவும் தோன்றாது, எறியவும் தோன்றாது.

வீணாக்கக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்க்கிறார்கள். இலையில் வைத்த வெஞ்சனத்தை மிச்சம் வைத்தால் திட்டு விழும். நல்ல பழக்கம்தான். ஆனால் வயிறு நிறைந்த பின்னும் "காசு கொடுத்து வாங்கினது" என்று ஓட்டலில் தின்று தீர்ப்பதும் அதே பழக்கத்திலிருந்துதான் வருகிறது. காசும் போய், வயிறும் போகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எப்படியும் திரும்பி வராத பணம் மூழ்கிய செலவு. அதற்காக மேலும் பணமோ நேரமோ போடுவது பிழை. அந்தச் செலவு சொல்லித்தந்த தகவலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

சும்மா குடியிருக்கிற வீடு

அடுத்து, போகப்போகிற காசு. இதற்கு ஒத்தி வீட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மகாராஜநகரில் ஒரு நண்பர் 5 லட்சம் கொடுத்து ஒத்திக்கு வீடு பிடித்தார். மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது 5 லட்சமும் திரும்பி வந்துவிடும். "சும்மா குடியிருக்கேன்" என்பார். பணம் மூழ்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் சும்மா இல்லை. அந்த 5 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருஷத்துக்கு 35,000 வந்திருக்கும். மாதம் ஏறக்குறைய 2,900 ரூபாய். அதுதான் அவர் கொடுக்கும் வாடகை. ரசீது வராத வாடகை, அதனால் கண்ணில் படுவதில்லை. (அவர் பிடித்த வீட்டுக்கு 2,900 மலிவுதான். ஒத்தி தப்பு என்று நான் சொல்லவரவில்லை.)

ஒரு காரியத்துக்குப் பணத்தை ஒதுக்குவதால், அதே பணத்தால் செய்திருக்கக்கூடிய அடுத்த நல்ல காரியம் கைவிட்டுப் போகிறதல்லவா, அதன் மதிப்புக்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர் ஃபிரீட்ரிக் ஃபான் வீசரின் பெயரோடு இந்தக் கருத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். சப்பாத்தி மேக்கரின் விலை சீட்டில் 2,800 என்று இருந்தது. எனக்கு அதன் உண்மையான விலை, அந்த மாதம் மாற்றாமல் தள்ளிப்போட்ட ஆச்சியின் கண்ணாடி.

'வேறெது' என்று குறிப்பாகச் சொல்லாதவரை இந்தச் செலவு தெரியவே தெரியாது. "2,800 பெரிய காசு" என்று நினைத்தால் மனசு உடனே சமாதானம் சொல்லிவிடும். "2,800 என்றால் ஆச்சி கண்ணாடி" என்று நினைத்துப் பாருங்கள், கை கொஞ்சம் நிற்கும்.

'மிச்சம்' என்று ஒரு சொல்

ஆடி மாதம் ஜவுளிக்கடைப் பையோடு வருகிறவரிடம் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால், "2,000 ரூபாய் மிச்சம்" என்றுதான் பதில் வரும். மிச்சம் என்றால் கையில் இருக்கவேண்டும். 5,000 என்று போட்டதை 3,000-க்கு வாங்கினால், கையிலிருந்து 3,000 போயிருக்கிறது. அந்தப் புடவை தேவைதான், எப்படியும் 5,000 கொடுத்தே வாங்கியிருப்பீர்கள் என்றால்தான் 2,000 மிச்சம். இல்லையென்றால் அந்த 5,000, அட்டையில் அச்சடித்த எண் மட்டுமே.

நம் மூளை ரூபாயைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்க்கிறது என்பதற்கு ஆமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் இருவரும் 1981-இல் எழுதிய ஒரு கேள்வி பிரபலம். 15 டாலர் கால்குலேட்டர், 20 நிமிஷ தூரத்தில் உள்ள இன்னொரு கடையில் 5 டாலர் குறைவு. போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். அதே 5 டாலர், 125 டாலர் கால்குலேட்டரில் குறைகிறது என்றபோது 29 சதவீதம் பேர்தான் போகத் தயார். தூரம் அதேதான், 5 டாலரும் அதேதான்.

நானும் அப்படித்தான். உழவர் சந்தையில் கிலோவுக்கு 10 ரூபாய் குறைகிறதென்று வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். பைக் வாங்கிய அன்று "சீட் கவர், மேட், கிராஷ் கார்டு சேர்த்து 4,000 அண்ணாச்சி" என்றபோது தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் நாலாயிரம் தூசு மாதிரி தெரிந்தது. வெங்காயத்தில் அதைப் பிடிக்க எத்தனை வருஷம் அலையவேண்டும்!

தவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரெடிட் கார்டில் 'வட்டியில்லா இஎம்ஐ' என்பதில் பெரும்பாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டுகிறார்கள். அந்த வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும், இருந்தால் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013-இல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொன்னது. "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?" என்று கடையில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். ஆனால் எனக்குத் தவணையில் பிடிக்காதது வட்டிகூட இல்லை. கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில், இன்னும் சம்பாதிக்காத ஆறு மாதக் காசு மூழ்கிய கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அது வேறெதற்காவது ஆகியிருக்குமா என்று யோசிக்கிற உரிமையும் சேர்ந்தே போகிறது.

சுருக்கமாக: சீட்டில் இருப்பது விலை. அந்தக் காசால் ஆகாமல் போன வேறொரு காரியம்தான் செலவு. தள்ளுபடி அந்த விலையைத்தான் குறைக்கும்.

பரணிலிருந்து வந்த பொடி

இனி பழைய சாமான்களை எப்படிப் பார்ப்பது? "இப்படிக் காசைக் கரியாக்கிட்டமே" என்று புலம்புவதில் ஒன்றும் வராது, அது மூழ்கிய காசுக்கு ஒப்பாரி. ஆனால் போர்வெல் பொடி மாதிரி பார்த்தால் நிறைய வரும்.

பரண் மேல் ஏறிய என்னுடைய சாமான்கள் மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் வாங்கினேன் என்று எழுதினேன். விலையை எழுதவில்லை. ஆறு சாமான்கள், யாராவது கண் முன்னே செய்து காட்டி வாங்கியவை. ஏழு, சம்பளம் வந்த முதல் வாரத்தில் வாங்கியவை. எட்டு, 'இது வந்தால் நான் மாறிவிடுவேன்' என்ற ரகம்: காலையில் எழுந்து ஜூஸ் குடிக்கிற நான், ராத்திரி சப்பாத்தி மட்டும் சாப்பிடுகிற நான், கீபோர்டு வாசிக்கிற நான். அந்த ஆட்கள் யாரும் இதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அதே சமயம், பத்தமடைப் பாய், குத்துவிளக்கு, இரண்டாம் கையாக வாங்கிய தையல் மெஷின் எதுவும் பரணைப் பார்த்ததே இல்லை. அவை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு வாங்கியவை.

எல்லோருடைய பரணும் இதையே சொல்லும் என்று இல்லை. உங்களுடையது இரவு 11 மணிக்கு மொபைலில் வாங்கியதாக இருக்கலாம், மச்சினன் வீட்டில் பார்த்துவிட்டு வாங்கியதாக இருக்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, கொஞ்சம் ஜாக்கிரதையாகப் போடவேண்டியது. மேக்கருக்கு ரிப்பேரோடு 3,250 ஆயிற்று. மொத்தம் 13 தடவை சுட்டிருப்பேன். தடவைக்கு 250 ரூபாய். இந்த வகுத்தல் கணக்கில் நம் ஊரில் சுலோசன முதலியாரை யாரும் மிஞ்ச முடியாது. அவர் சொந்தக் காசில் தாமிரபரணி மேல் கட்டிய பாலம் 1843-இல் திறந்தது, இன்றைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு பஸ் அதன் மேல்தான் போகிறது. ஆனால் இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்புதான் போடவேண்டும். வாங்கிய பின் போட்டால், "இன்னும் பத்துத் தடவை சுட்டால் 250 என்பது 141 ஆகிவிடும்" என்று மனசு சொல்லும். அது சித்தப்பாவின் அடுத்த 100 அடி.

இப்போது ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஏதாவது வாங்கத் தோன்றினால் தேதி, சாமான், விலை, 'வேறெது' என்று நாலு கட்டத்தில் எழுதுகிறேன். அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் திரும்பிப் பார்ப்பது. சம்பள வாரம் கணக்கில் வராது. பாதிக்கு மேல் எனக்கே எழுதியது மறந்துபோயிருக்கும். ஒன்றிரண்டை வாங்கியும் இருக்கிறேன், அவை இன்னும் சமையலறையில்தான் இருக்கின்றன.

மேக்கரை மாசிக்கொடைக்கு ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். 90 ரூபாய் தந்தார். பரணில் அந்த இடத்தில் இப்போது மழைக்கால விறகு இருக்கிறது. நோட்டில் கடைசியாக இருக்கும் வரி: ஏர் ஃபிரையர், 6,490, வேறெது: பின்கட்டு ஓடு மாற்ற. 20-ஆம் தேதி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மைனி இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டார்கள்.